குளிர்ப் பெட்டியும் கொதிக்கும் நெஞ்சும்

வகுப்பறையிலே ஆசிரியர்கள் பரம்பரை பரம்பரையாகச் சொல்லிவரும் வாக்கியங்கள் சில உண்டு. பாடப் புத்தகங்கள் மாறும். பரீட்சை முறைகள் மாறும். அவ்வாக்கியங்கள் மட்டும் மாறுவதில்லை. எமக்கு எமது ஆசிரியர் சொன்னதை நாம் எமது மாணாக்கருக்குச் சொல்லிவந்தோம். "படிக்காவிட்டால் லொறிதான் ஓட்டவேண்டி வரும்" என்பது அவற்றுள் ஒன்று. இதனைச் சொல்லும்போது எமக்கு ஒருநாளும் நாக் கூசியதில்லை. சென்ற ஆவணி விடுமுறையிலே கனடாவிலிருந்து வந்த பழைய மாணாக்கர் ஒருவர், எம் வீட்டு விறாந்தையில் இரண்டு மணிநேரம் அமர்ந்து பேசிவிட்டுப் போனார். அதன்பின்னர் அவ்வாக்கியம் எம் வாயில் எழ மறுக்கின்றது. அதன் காரணத்தை வாசகர்களுக்குச் சொல்லிவிடுவதே முறை.

வந்தவர் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் விஞ்ஞானம் படித்தவர். கையெழுத்துக் கோணல், கடைசி வாங்கு, வருடத்தில் பாதி நாள் வரவு இல்லை. இவ்வளவே எம் நினைவில் இருந்தது. தேநீர் வந்தது. "இப்போது என்ன உத்தியோகம், தம்பி?" என்று கேட்டோம்.

"லொறி ஓட்டுகிறேன், சேர்" என்றார். சொல்லிவிட்டு எம் முகத்தைச் சிறிது நேரம் கூர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் அப்போது எமக்கு விளங்கவில்லை.

அவர் ஓட்டுவது நாம் தெருவிலே காணும் லொறியன்று. முன்னே இழுவை வண்டி. அதன் பின்னே 53 அடி நீளமான பெட்டி. வண்டியும் சரக்கும் சேர்ந்து 80,000 இறாத்தல், அதாவது 36 தொன் அளவு வரை அமெரிக்கப் பெருந்தெருக்களில் ஓடலாம். பெட்டியின் சுவர்களுக்குள்ளே வெப்பத்தைத் தடுக்கும் நுரைப்பொருள் அடைத்திருக்கும். முன்சுவரிலே, தனக்கெனத் தனி டீசல் எந்திரமும் தனி எண்ணெய்த் தாங்கியும் உடைய குளிர்ப்பொறி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். ரொறொன்ரோவுக்கு அருகிலிருந்து புறப்பட்டு, கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்குக்குச் சென்று, அங்கே விளையும் சலாது இலையையும் ஸ்ட்ரோபெரிப் பழத்தையும் ஏற்றிக்கொண்டு திரும்புவது இவர் வேலை. ஒரு வழிப் பயணம் நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல். மாரி காலத்தில் சலினாஸில் விளைச்சல் ஓய்ந்துவிடும். அப்போது அரிசோனாவின் யூமாப் பகுதிக்குப் போகவேண்டும். தை மாதத்தில் ரொறொன்ரோத் தெருக்களில் பனி முழங்காலளவு கிடக்கும்போதும் அங்குள்ள கடைகளில் பச்சை இலை கிடைப்பது இத்தகைய சாரதிகளின் புண்ணியத்தினாலேயே.

"பெட்டிக்குள்ளே வைத்ததை அந்தப் பொறி குளிரவைத்துக்கொண்டே போகும்; நீர் ஓட்டிக்கொண்டே போகலாம். வெயிலில் நின்று வேலைசெய்பவனிலும் சுகமான தொழில் அன்றோ?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "அங்கேதான் சேர், எல்லோரும் பிழை விடுகிறார்கள். சரக்கைக் குளிரவைக்கிற பலம் அந்தப் பொறிக்கு இல்லை. ஏற்றும்போது இருக்கிற குளிர் குறையாமல் காப்பதுதான் அதனுடைய வேலை. சூடாக ஏற்றினால் சூடாகத்தான் போய்ச் சேரும்" என்றார்.

பௌதிகம் கற்பிக்கும் எமக்கு இது உறைத்தது. இருபது தொன் இலையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றுவது, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு சோடாப் போத்தலைக் குளிரவைப்பது போன்றதா? ஆதலால் தோட்டத்தில் வெட்டிய சலாது இலையை, லொறியில் ஏற்றுமுன்னரே வெற்றிட அறைக்குள் வைத்து, இலையிலுள்ள நீரில் ஒரு பகுதியை ஆவியாகச் செய்து குளிர்விக்கிறார்கள். சாரதியும் பெட்டியை முன்கூட்டியே குளிரவைத்துக்கொண்டு போகவேண்டும். அடுக்கும்போதும் கவனம் வேண்டும். குளிர்ந்த காற்று கூரையோடு சென்று, பின்கதவுவரை போய், தரையிலுள்ள பள்ளங்களின் வழியே முன்சுவருக்குத் திரும்புகிறது. பெட்டிகளைக் கூரைவரை அடுக்கிவிட்டால் காற்றின் வழி அடைபட்டு, முன்னே இருப்பது உறையும்; பின்னே இருப்பது அழுகும்.

ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு குளிர் உண்டு. சலாது இலைக்குச் செல்சியஸ் அளவில் 0 பாகையை ஒட்டி இருக்கவேண்டும். சற்றுக் குறைந்தாலும் உறைந்து கருகிவிடும். வாழைப்பழத்துக்கு 13 அல்லது 14 பாகை. அதற்குக் கீழே போனால் தோல் கறுத்துப் பழம் பழுக்காது. உறைந்த இறைச்சிக்கும் மீனுக்கும் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை. ஐஸ்கிறீமுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 29 பாகை வரை கேட்பார்கள். அப்பிள் பழத்தையும் சலாது இலையையும் ஒன்றாக ஏற்றலாகாது. அப்பிள் வெளிவிடும் எதிலீன் என்னும் வாயு இலையிலே செம்புள்ளிகளை உண்டாக்கும். வகுப்பிலே "வெப்பமும் வாயுக்களும்" என்ற பாடத்தின்போது தூங்கி வழிந்தவர் என்று நாம் எண்ணியிருந்தவர், அதே பாடத்தை எம் விறாந்தையிலிருந்து எமக்குக் கற்பித்தார்.

இந்தக் குளிர்ப்பொறியின் வரலாறும் மாணாக்கர் அறியவேண்டியதொன்று. லொறியில் பொருத்தி ஓட்டத்தக்க குளிர்ப்பொறியை 1938ஆம் ஆண்டையொட்டி உருவாக்கியவர் பிரெடெரிக் மக்கின்லி ஜோன்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினத்தவர். 1893இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டவர். மோட்டார் திருத்தும் பட்டறையிலே கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்து, தாமே படித்துப் பொறியியல் அறிவு பெற்றவர். அதற்கு முன்னர் ஐஸ் கட்டிகளை நம்பித்தான் இறைச்சியும் மீனும் தூரப் பயணம் போயின. தெருவின் குலுக்கலைத் தாங்கும் குளிர்ப்பொறி எதுவும் அன்று நிலைக்கவில்லை. ஜோன்ஸ் செய்த பொறி அதைத் தாங்கியது. 1961இல் மறைந்த அவருக்கு, 30 ஆண்டுகள் கழித்து, 1991இல் அமெரிக்க அரசு தொழில்நுட்பத்துக்கான தேசியப் பதக்கத்தை அளித்தது. படியாதவன் லொறிதான் ஓட்டுவான் என்று சொல்லிவந்த எமக்கு, அந்த லொறியிலுள்ள பொறியைச் செய்தவரே பள்ளியை விட்டவர் என்பது சிறிது வெட்கத்தைத் தந்தது.

"அப்படியானால் உமக்குப் பெருந் தொல்லை குளிர்ப்பொறியைக் காப்பதுதானோ?" என்று கேட்டோம்.

"இல்லை சேர். பொறியால் வருகிற தொல்லை பத்தில் இரண்டு. மனிதரால் வருகிறது எட்டு" என்றார்.

அந்த எட்டில் முதலாவது, காத்திருத்தல்.

காலை நாலு மணிக்குச் சரக்கு இறக்க வரும்படி களஞ்சியத்தார் நேரம் குறித்திருப்பார்கள். இவர் மூன்றரைக்கே போய்ப் பதிந்துகொள்வார். "உள்ளே இடமில்லை, கூப்பிடும்போது வாரும்" என்று விடை வரும். நாலு ஐந்தாகும், ஐந்து எட்டாகும், சில நாள் பதினொன்றாகும். பிந்திவந்தால் சாரதிக்குத் தண்டம் உண்டு. அல்லது மறுநாளுக்கு வேறு நேரம் குறித்துவிடுவார்கள். களஞ்சியத்தார் பிந்தினால் அவர்களுக்குத் தண்டம் எளிதில் விழுவதில்லை. முதல் இரண்டு மணிநேரம் இலவசம் என்பது அத்தொழிலின் வழக்கு. அதற்கு மேற்பட்ட காத்திருப்புக்குக் கூலி கேட்டாலும், அது கொம்பனியிடம் வருவதற்குள் மாதங்கள் கழியும். சாரதியின் கைக்கு வருவது அருமை. ஏனெனில் இவருக்குச் சம்பளம் மணிக்கணக்கில் அன்று, மைல் கணக்கில். சக்கரம் சுழன்றால் காசு, நின்றால் இல்லை. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டில் வந்த தொழிற் சட்டம் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி விதித்தபோது, மாநிலங்களுக்கிடையே ஓடும் லொறிச் சாரதிகளுக்கு அந்த உரிமையிலிருந்து விலக்கு வைத்தது. அவ்விலக்கு இன்றும் நீங்கவில்லை.

காசு போவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. அமெரிக்க விதிப்படி ஒரு சாரதி தொடர்ந்து 10 மணிநேரம் ஓய்வெடுத்தபின் வேலையைத் தொடங்கினால், அன்றிலிருந்து 14 மணிநேரத்துக்குள் தமது ஓட்டத்தை முடித்துவிடவேண்டும். அதற்குள்ளும் 11 மணிநேரத்துக்கு மேல் ஓட்டலாகாது. களைத்த சாரதியால் விபத்து நேராதிருக்க வந்த நல்ல விதி இது. முன்னர் சாரதிகள் கடதாசியில் எழுதிய கணக்கை, 2017ஆம் ஆண்டு மார்கழியிலிருந்து அமெரிக்காவில் வண்டியில் பொருத்திய மின்கருவியே எழுதுகின்றது. கனடாவிலும் பின்னர் அவ்வாறே வந்துவிட்டது. கடதாசியை ஏமாற்றலாம், கருவியை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. ஆனால் களஞ்சிய முற்றத்திலே வீணே நிற்கும் நேரம் அந்த 14 மணிநேரக் கணக்கைப் பொதுவாக நிறுத்துவதில்லை. கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். ஏழு மணிநேரம் நின்றவருக்கு ஏழே மணிநேரம் மிஞ்சும். அதற்குள் அடுத்த இடத்தை எட்ட வேண்டுமென்று அவசரம் பிறக்கும்; அவசரத்தில் ஆபத்துப் பிறக்கும்.

இது அவருடைய கற்பனையன்று. அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் கணக்காய்வுத் தலைமையகம் 2018ஆம் ஆண்டு தையில் வெளியிட்ட அறிக்கை ஒன்று, களஞ்சியங்களில் தங்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால் விபத்து வீதம் 6.2 சதவீதம் கூடுமென்று மதிப்பிட்டது. இக்காத்திருப்பினால் சாரதிகள் இழக்கும் வருமானம் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டொலர் வரை என்றும் அது கணித்தது. எங்கோ ஒரு களஞ்சியத்தில் ஒருவர் ஆறுதலாகத் தேநீர் குடித்த கால்மணி நேரம், வேறெங்கோ பெருந்தெருவில் ஒரு குடும்பத்தின் தலையில் விழக்கூடும். நேரந் தவறுதலை ஒரு குற்றமாகவே கருதாத எம்மவரும் இதைச் சிந்திக்கலாம்.

இரண்டாவது தொல்லை, தூக்கம்.

சட்டம் பத்து மணிநேரம் ஓய்வெடு என்கிறது. எங்கே எடுப்பது என்று சொல்லவில்லை. மாலை ஆனதும் தெருவோரத் தரிப்பிடங்களெல்லாம் லொறிகளால் நிறைந்துவிடும். இடந்தேடி அலையும் ஒவ்வொரு நிமிடமும் கருவியில் ஏறும். ஒருவாறு இடங் கிடைத்து, ஆசனத்துக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய கட்டிலில் சரிந்தால், தலைமாட்டுக்கு நாலைந்து அடி தூரத்திலே குளிர்ப்பொறியின் டீசல் எந்திரம் முழங்கும். இலையும் பழமும் ஏற்றியிருந்தால் அது ஓயாமல் ஓடும். உறைந்த சரக்காயின் நின்று நின்று ஓடும்.

"எது நல்லது?" என்று கேட்டோம்.

"ஓயாமல் ஓடுவதே நல்லது, சேர். சத்தத்துக்குள்ளே தூங்கப் பழகிவிடலாம். சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டு எழும்புவேன். அது தானாக நின்றதோ, பழுதுபட்டு நின்றதோ என்று பார்க்க வெளியே இறங்கவேண்டும். வெளியே 20 பாகை உறைபனி" என்றார்.

கைக்குழந்தை அழும்போது தூங்கி, அழுகை நின்றதும் பதறி எழும் தாயின் நினைவு எமக்கு வந்தது.

மூன்றாவது தொல்லை, மதியாமை. களஞ்சியத்திற் சரக்கு ஏற்றும் மேடைக்குச் சாரதியைப் பல இடங்களில் விடமாட்டார்கள். ஏற்றியதைக் காணாமலே ஏற்றதாகக் கையொப்பமிட வேண்டும். இறக்கும் இடத்திலோ, இறக்குகூலிக்காரருக்குச் சாரதியே முன்னே காசைக் கொடுத்துவிட்டு, பற்றுச்சீட்டைக் காட்டிப் பின்னர் கொம்பனியிடம் பெறவேண்டும். 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் பரவியபோது, வீட்டுக்குள் அடைபட்டிருந்த உலகம் லொறிச் சாரதிகளை வீரர் என்று புகழ்ந்தது. அதே மாதங்களிலே, அவர்கள் உணவு கொண்டுபோன களஞ்சியங்கள் பல, தொற்றுக்கு அஞ்சித் தமது கழிப்பறைகளை அவர்களுக்குப் பூட்டிவிட்டன. "வீரன் என்று பலகை எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது" என்று சொல்லிச் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி அவர் சொன்ன நிகழ்ச்சி ஒன்று. ஒரு புரட்டாதி மாத இறுதி. சலினாஸிலே சலாது இலை ஏற்றினார்கள். அன்று வரிசை நீளம். வெற்றிட அறையில் வைக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் போலும். கதவைப் பூட்டுமுன் இவர் தமது ஊசி வெப்பமானியை எடுத்து, கதவருகே இருந்த நாலு பெட்டிகளில் குத்திப் பார்த்தார். 1 பாகை இருக்கவேண்டிய இடத்தில் 7 பாகை காட்டியது. மேற்பார்வையாளரிடம் சொன்னார். "வேண்டுமானால் கொண்டுபோம், இல்லாவிட்டால் வேறு லொறி இருக்கிறது" என்றார் அவர். கொம்பனிக்குத் தொலைபேசியில் சொன்னார். "ஏற்றிக்கொண்டு வாரும்" என்றார்கள். இவர் ஏற்றுச் சீட்டிலே, தமது கோணற் கையெழுத்தில், இன்ன நேரம், இன்ன பெட்டிகள், இன்ன பாகை என்று எழுதி, மேற்பார்வையாளரிடம் ஒப்பமும் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தார். அங்கே பரிசோதகர் ஊசியைக் குத்தினார், 5 பாகை. இலையின் ஓரம் பழுப்பு. "சரக்கு வேண்டாம்" என்று எழுதிக் கதவைச் சாத்திவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாயிற்று. கொம்பனியிலிருந்து கேட்ட முதற் கேள்வி, "இரவிலே தூங்குவதற்காகப் பொறியை நிறுத்திவிட்டீரா?" என்பது. நாலாயிரம் கிலோமீற்றர் வந்தவரைப் பார்த்து உலகம் கேட்கும் கேள்வி அது. இரண்டு நாள் அந்த முற்றத்திலேயே, யாருக்கும் வேண்டாத இருபது தொன் இலையோடு நின்றார். மூன்று தரம் தம் காசிலே டீசல் ஊற்றிப் பொறியை ஓடவிட்டார். மைல் இல்லை; சம்பளம் இல்லை. அந்த இரண்டு நாளில் ஒன்று விசயதசமி. அன்று காலை ரொறொன்ரோக் கோயிலில் அவருடைய மகளுக்கு ஏடு தொடக்கினார்கள். தாத்தா முறையான ஒருவரின் மடியில் இருந்து பிள்ளை அரிசியில் எழுதியதை, ஐம்பது கிலோமீற்றர் தூரத்தில் நின்று, கைத்தொலைபேசியில் பார்த்தார்.

"ஓடிப்போய் வந்திருக்கலாமே?" என்றோம்.

"பெட்டியை யாரிடம் விட்டுவிட்டுப் போவது, சேர்? பொறி நின்றால், முழுப் பழியும் அதோடு என்னுடையதாகிவிடும்."

இறுதியில் பெட்டியிலுள்ள பதிகருவியின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பொறியிலிருந்து வெளிவந்த காற்று முதல் மணியிலிருந்தே சரியான குளிரில் இருந்தது. ஒரு நிமிடமும் நிற்கவில்லை. சரக்கைச் சுற்றித் திரும்பிவந்த காற்றோ முதல் நாள் முழுவதும் சூடாக இருந்தது. சரக்கு ஏறும்போதே சூடாக ஏறியது என்பதற்கு அது சான்று. ஏற்றுச் சீட்டில் இவர் எழுதிய குறிப்பும் அதனோடு ஒத்தது. பழி இவரைவிட்டு நீங்கியது. சரக்கு குறைந்த விலைக்கு வேறிடம் போயிற்று. இரண்டு நாட் சம்பளமும் விசயதசமிக் காலையும் எங்கும் போகவில்லை; அவை திரும்பி வரவேயில்லை.

"அந்தக் குறிப்பு எழுதப் பழக்கியது நீங்கள்தான், சேர்" என்றார். எமக்கு விளங்கவில்லை. "செய்முறைக் கொப்பியில் கண்டதை எழுது, காணாததை எழுதாதே, நேரத்தை எழுத மறக்காதே என்று சிவப்பு மையில் எழுதித் தருவீர்கள். பௌதிகம் மறந்துபோயிற்று. அது மறக்கவில்லை."

ஆசிரியன் ஒருவனுக்கு இதனிலும் பெரிய பரிசு ஏது? எம் நெஞ்சு பூரித்தது. அந்தப் பூரிப்பிலே, "பார்த்தீரா தம்பி, படித்த படிப்பு வீண்போகவில்லை" என்று சொல்லத் தொடங்கினோம். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சேர், இன்னொன்றும் மறக்கவில்லை. சொல்லலாமோ?" என்று கேட்டார். சொல்லும்படி சொன்னோம்.

"2003ஆம் ஆண்டு. நான் எட்டாம் வகுப்பு. வீட்டுவேலை செய்யவில்லையென்று என்னை எழுப்பி நிறுத்தி, படிக்காவிட்டால் லொறிதான் ஓட்டவேண்டி வரும் என்று சொன்னீர்கள். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்று என்னுடைய ஐயா மீன் லொறியில் கொழும்புக்குப் போயிருந்தார்."

நாம் பேச்சற்றுப்போனோம்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்வதுபோலவே சொன்னார். 2002ஆம் ஆண்டு சித்திரையில் ஏ-9 வீதி திறந்தபின், அவருடைய தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மீன் கொண்டுபோனார். குளிர்ப்பொறி இல்லாத லொறி. நொறுக்கிய ஐஸ், மரப்பெட்டி, படங்கு; இவ்வளவே. வழியிலே சோதனைச் சாவடிகளில் லொறிகள் வரிசையாக நிற்கும். வெயிலில் ஐஸ் உருகி லொறியின் கீழே ஓடும். அந்த ஓட்டத்தைப் பார்த்தபடி தந்தையார் நிற்பார். பிந்திப்போனால் சந்தையில் மீனுக்கு விலை விழும். விழுந்த விலையில் ஒரு பங்கு அவர் கூலியில் கழியும். பாடசாலை இல்லாத நாட்களிலும், சில வேளை பாடசாலை உள்ள நாட்களிலும், பெட்டி இறக்க உதவிக்கு மகனையும் கூட்டிப் போவார். வருடத்தில் பாதி நாள் வரவு இல்லாத காரணம் அதுவே. நாம் ஒருநாளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ஐயா சொல்லுவார்: மீன் செத்தபிறகும் அதற்கு ஒரு உயிர் இருக்கிறது, அதைக் காப்பதுதான் எங்கள் வேலை என்று. கலிபோர்னியாவில் காத்து நிற்கும்போதெல்லாம் ஐஸ் உருகி ஓடுவதுதான் எனக்குத் தெரியும். இப்போது பெட்டி பெரிது; பொறி இருக்கிறது. காத்து நிற்பது மட்டும் அப்படியே இருக்கிறது, சேர்."

"ஐயா இப்போது..." என்று இழுத்தோம்.

"போய்ச் சேர்ந்து ஆறு வருடம்" என்றார்.

மன்னிப்புக் கேட்க முயன்றோம். வார்த்தை சரியாக வரவில்லை. "அதற்காக நான் வரவில்லை, சேர். உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, வந்தேன்" என்று சொல்லி எழுந்தார். போகும்போது எம் பாதத்தைத் தொட்டார். கூச்சத்தால் விலகிக்கொண்டோம். வாசலில் நின்று, "ஏன் இந்தத் தொழிலை விடாமல் இருக்கிறீர்?" என்று மட்டும் கேட்டோம். சற்று யோசித்தார். "விடிகிற நேரம் கதவைத் திறக்கும்போது, நாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் வெட்டின இலை, அன்றைக்கு வெட்டினதுபோல இருக்கும். அதைப் பார்க்கிறது நான் மட்டுந்தான். அது ஒரு சந்தோஷம்" என்றார்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் நாள், எட்டாம் வகுப்பில் வீட்டுவேலை செய்யாத மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். பழக்கத்தால் அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டோம். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினோம். "ஒரு சாரதி வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணிநேரத்துள் ஓட்டத்தை முடிக்கவேண்டும், அதற்குள் 11 மணிநேரமே ஓட்டலாம். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகம். களஞ்சியத்தில் 7 மணிநேரம் காத்திருந்தார். அவர் இழந்த தூரம் யாது?" என்பது அக்கணக்கு. காத்திராவிட்டால் 990 கிலோமீற்றர். காத்திருந்தமையால் 7 மணிநேர ஓட்டம், 630 கிலோமீற்றர். இழந்தது 360 கிலோமீற்றர். நின்றுகொண்டிருந்த அந்த மாணவனே முதலில் விடை சொன்னான். "இந்த 360 கிலோமீற்றருக்கு உரிய காசை யார் இழந்தார்?" என்று கேட்டோம். வகுப்பு சிறிது நேரம் மௌனமாயிருந்தது. பின்னர் அவனிடம், மறுநாள் வீட்டுவேலையைச் செய்துவரும்படி சொல்லி, ஏன் செய்யவில்லை என்பதையும் தனியே அழைத்துக் கேட்டோம். இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

படிப்பு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. படிப்பு வேண்டும், மிகவும் வேண்டும். ஆனால் ஒரு தொழிலைக் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்தும் பெற்றோரும் ஆசிரியரும், அந்தத் தொழிலால் வளரும் பிள்ளையொன்று அதே வாங்கில் இருக்கக்கூடும் என்பதை நினைத்துக்கொள்ளல் வேண்டும். இன்று உங்கள் வீட்டு அடுப்பில் வேகும் கரட்டும் லீக்சும் தம்புள்ளைச் சந்தையிலிருந்து இரவோடிரவாக ஒருவர் கண்விழித்துக் கொண்டுவந்தவையாக இருக்கலாம். அவர் எங்கே தூங்கினார், எங்கே காத்து நின்றார் என்று எம்மில் எவரும் கேட்பதில்லை. அடுத்த முறை கடைவாசலில் லொறி நின்று எம் வழியை மறிக்கும்போது, கைமணியை அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்வோம். அந்தச் சாரதி எமக்காகப் பொறுத்த மணிநேரங்களுக்கு அது மிகச் சிறிய கைம்மாறு.